பெயர்க்கல்லின் ஆணி

அவைக்கு அழகூட்டும் தலைவர் அவர்களே, அருகே வீற்றிருக்கும் ஆன்றோர்களே, புளியந்தீவிலிருந்தும் காத்தான்குடியிலிருந்தும் வந்திருக்கும் தாய்மாரே, சுவரோரம் ட்ரில் மிசினோடு காத்து நிற்கும் றமீஸ் தம்பி அவர்களே, கொக்கட்டிச்சோலை வேலப்போடியின் வணக்கம்.

இந்த வயதில் எழுத்துப் படித்து நானே எழுதிய பேச்சு இது. மெதுவாகத்தான் வாசிப்பேன்.

புற்றுநோய்க்குக் கதிர் பாய்ச்சும் இயந்திரம், எனக்குப் பின்னால் தெரியும் இந்த ஆஸ்பத்திரி அறையில் இருக்கிறது. என் மனைவி அன்னப்பிள்ளைக்கு இதில்தான் வைத்தியம். கதிர் பட்டுப் பட்டு, உள்ளே இருக்கும் சிப்புகளில் எழுதிய கட்டளைகள் மாறிப்போகுமாம். படித்த எழுத்தை மறக்கும் இயந்திரம்! எனக்கு எவ்வளவு நெருங்கிய சொந்தம் பாருங்கள். எனக்கு எழுதப் பழக்கிய ரீச்சர் என் கையைப் பிடித்துப் பழக்கினார். இயந்திரத்தைப் பராமரிக்கும் எஞ்சினியர் ஸாதியா, எனக்கு மகள் மாதிரி, அவளோ அறைக்குள்ளேயே போவதில்லை. வெளியே இருந்தபடி, சுவருக்குள் ஓடும் ஒரே வயர் வழியாக, ஒவ்வொரு சிப்பையும் அதன் இலக்கத்தால் கூப்பிட்டுப் புதிதாக எழுதிவிடுவாள்.

இப்படிப் பல மாதம் ஓடிய இயந்திரத்துக்குத் திறப்பு விழா வைத்தோம். திறந்திருந்த அறையைத் திறந்தோம். மாலை போட்டோம், பொன்னாடை போர்த்தினோம், பெரியோர் பெயர் பொறித்த கல்லைச் சுவரில் அறைந்தோம்.

அடுத்த வாரம் சிப் தடுமாறியது. ஸாதியா எழுதினாள், போய்ச் சேரவில்லை. அன்னப்பிள்ளை வாசல் வாங்கில் உட்கார்ந்து காத்திருந்தாள். கூட்டம் கூடிக் கதிரில் குற்றம் கண்டார்கள், சிப்பில் குற்றம் கண்டார்கள். கல்லில் குற்றம் காண யாருக்குத் துணிவு?

"வயர் எங்கால போகுது மகள்?" என்று ஸாதியாவிடம் கேட்டேன்.

"அந்தக் கல்லுக்குப் பின்னால ஐயா. அதைக் கழட்ட மேலிடத்து அனுமதி வேணுமாம்."

"என்ட நோய் அனுமதி கேட்டா வந்திச்சு?" என்றாள் அன்னப்பிள்ளை.

ஒருவழியாக அனுமதி வந்தது. கல்லைக் கழற்றினால், வயரின் நடுவில் ஆணி. சிரிக்காதீர்கள் தாய்மாரே, பெயருக்குரியவர்கள் மேடையில் இருக்கிறார்கள்.

வயரை மாற்றினார்கள், இயந்திரம் எழும்பியது. இன்று எதற்குக் கூடியிருக்கிறோம்? அதே கல்லை அதே சுவரில் திரும்ப அறைவதற்கு!

பெரியோர்களே, அறைச் சுவரில் உங்கள் பெயரை யார் வாசிப்பார்? நோயாளிதான் வாசிப்பார், அதுவும் வலியோடு. வெளிமதிலில் பதித்தால்? பஸ்ஸில் போகிறவர் வாசிப்பார், சைக்கிளில் போகிறவர் வாசிப்பார், நானும் வரும்போதெல்லாம் எழுத்துக்கூட்டி, உரத்து வாசிப்பேன். அந்த மதிலுக்குள் வயரும் இல்லை.

தலைவர் பக்கத்தில் இருப்பவரைப் பார்க்கிறார். அவர் மதிலைப் பார்க்கிறார். தலைவர் தலையசைக்கிறார். றமீஸ் தம்பி, கண்டீரா? மிசினைத் தூக்கும், மதிலடிக்கு நடவும்.

செவிகொடுத்த சபைக்கு நன்றி, வணக்கம். அன்னப்பிள்ளை, எழும்பு. நாளைக்கு உனக்கு வைத்தியம் நடக்கும்.