இருநூற்றுப் பதினேழு கையெழுத்து

ஒருவரிடம் கையெழுத்து வாங்க வேண்டுமென்றால், சாயங்காலம் ஷிஃப்ட் விட்டு பஸ்ஸுக்கு நிற்கிற நேரம்தான் நல்ல நேரம். காலையில் கேட்டால், கம்பெனி கேட்டை மூடிவிடுவான் என்று ஓடுவார்கள். சாயங்காலம் கால் கடுக்க நிற்கிறவர்களுக்குப் பேச ஆள் வேண்டும். இன்னா டீச்சர், இன்னா பேப்பரு என்று அவர்களே வந்து கேட்பார்கள். பேனா மட்டும் நாம் கொண்டுபோனால் போதும்.

புஷ்ரா, உன் கடிதம் கிடைத்தது. தகவல் கேட்கிற சட்டத்தில் மனுப் போட்டு, எட்டு மாதம் நடையாய் நடந்து, பத்து வருஷத்துக்கு முந்தைய உன் அப்பா சாவு விசாரணையின் நகலை வாங்கியிருக்கிறாய். மூணாங்கிளாஸில் வாய்ப்பாடு சொல்ல எழுந்து நின்றாலே அழுதுவிடுகிற பிள்ளை. எனக்குப் பெருமையாக இருந்தது. பிறகுதான் நகலைப் பிரித்தேன்.

இரண்டு கேள்வி கேட்டிருக்கிறாய். "முனீர் அகமது குடிபோதையில் தானாகவே கழிவுத் தொட்டியில் இறங்கினார்" என்று தொழிலாளர்கள் எழுதிக் கொடுத்த அந்த மனுவில், செத்துப்போன எங்க அப்பாவே எப்படி டீச்சர் கையெழுத்துப் போட்டார்? அது ஒன்று. மேல் பக்கத்து எழுத்து யாருடையது என்று உங்களுக்குத் தெரியுமா? அது இரண்டு. முதல் கேள்விக்கு முதலில் வருகிறேன். இரண்டாவது சின்னக் கேள்வி. கடைசியில் சொல்கிறேன்.

தொண்ணூற்றெட்டு ஜூலை மாதம். எங்கள் பள்ளிக்கூடத்தில் அறுபது வருஷமாகப் போட்டுவந்த பாட்டு நாடகம் ஒன்று உண்டு, 'வேங்கைமலைச் செல்வி'. ராஜா போருக்கு அனுப்பிய புருஷன் திரும்பி வரமாட்டான். செல்வி ஏழு பாட்டுப் பாடி அழுது, எட்டாவது பாட்டில் செத்துப்போவாள். பதினாறு வயதில் நானே செல்வியாக மேடையில் செத்திருக்கிறேன். விழும்போது கொலுசு சத்தம் கேட்க வேண்டும் என்று பெரிய டீச்சர் சொல்லிக்கொடுத்தார்.

அந்த நாடகத்தை ஜெஸ்டன் தலைகீழாகத் திருப்பிப் போட்டான். ஷூ கம்பெனியில் பேட்டர்ன் வெட்டுகிறவன், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கீபோர்டு வாசிக்கிறவன். அரண்மனையை எடுத்துவிட்டு, ஷூவுக்கு மேல்தோல் தைக்கிற ஹாலை வைத்தான். மேடையில் பன்னிரண்டு தையல் மெஷின். அதன் சத்தம்தான் தாளம். அவனுடைய செல்வி எட்டாவது பாட்டில் சாகவில்லை. எழுந்து நேரே ராஜாவிடம் போய், "அனுப்பினவரே, போனவர் எங்கே?" என்று கேட்பாள். பன்னிரண்டு மெஷினும் சட்டென்று நிற்கும். அந்த அமைதியை நான் இதற்கு முன்னாலும் கேட்டதில்லை, பின்னாலும் கேட்டதில்லை. பொம்பளைகள் எழுந்து நின்றுவிடுவார்கள்.

நாடகம் நடந்தது டேனரி முதலாளியின் பழைய தோல் மண்டியில். பத்து நாளுக்குத்தான் கொடுத்திருந்தார், பதினோராம் நாள் சரக்கு இறக்க வேண்டும் என்று. முதல் நாள் அவரே வந்து முன்வரிசையில் உட்கார்ந்து, அந்தக் கேள்விக்குக் கைதட்டிவிட்டுப் போனார். நாடகம்தானே.

எனக்கு அப்போது ஐம்பத்தாறு வயது. என் வீட்டில் நானும் ரேடியோவும்தான். நாடகத்துக்கு ஒரு நாள் விடாமல் போனேன். ஐந்தாம் நாள், இன்னும் ஐந்துதான் பாக்கி என்று நினைத்தபோது எனக்குச் சோறு இறங்கவில்லை. வெளியே வந்தவர்களிடம் கேட்டேன்: "இன்னும் பதினஞ்சு நாள் ஓட்டச் சொல்லி மனுக் குடுக்கலாமா?" எல்லாரும் "குடுங்க டீச்சர்" என்றார்கள். ஒருத்தி, "டீச்சர்தான் ரசிகர் மன்றத் தலைவி" என்றாள். சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்கு அது பிடித்திருந்தது.

முதல் தாளில் வேண்டுகோள் எழுதினேன். அதற்குப் பின்னால் கோடு போட்ட தாள்கள். ஒரு தாளுக்கு இருபத்தைந்து பேர். வரிசை எண், பெயர், டோக்கன் நம்பர், கையெழுத்து. டோக்கன் நம்பர் என்னுடைய யோசனை. கம்பெனி ஆட்கள்தான் என்று நம்ப வேண்டுமே. தேதிக்கு மட்டும் கட்டம் போட மறந்துவிட்டேன். முப்பது வருஷமாகப் பிள்ளைகளின் லீவ் லெட்டரில் தேதி இல்லையென்று திருப்பி அனுப்பினவள்.

உன் அம்மாவையும் அப்பாவையும் பஸ் ஸ்டாப்பில்தான் பிடித்தேன். ஷஹீன் பானுவுக்கு ஷூ கம்பெனியில் வேலை, முனீருக்கு டேனரியில்; இரண்டுக்கும் ஒரே முதலாளி. இருவரும் ஒரே பஸ்.

"டீச்சர், மேல இன்னா எழுதியிருக்கு? எனக்கு உருதுதான் படிக்க வரும்" என்றாள் உன் அம்மா.

"நாடகத்தை நிறுத்தாதீங்கன்னு எழுதியிருக்கும்மா."

"அப்டீன்னா ரெண்டு போடவா? ஜாஸ்தி நாளு ஓடட்டும்."

உன் அப்பா பேனாவை வாங்கிக்கொண்டு, "ஓடட்டும் டீச்சர். இவ அழுவுறதுக்கு ஒரு எடம் வோணும். அது நின்னுட்டா வூட்டுக்கு வந்து என் மேலதான் அழுவா" என்றார். "உங்க மூஞ்சைப் பாத்தா அழுவாம இன்னா பண்றது" என்றாள் அவள். நூற்றிருபத்தைந்தாவது, ஒரு தாளின் கடைசி வரி, உருதுவில் உன் அம்மா. நூற்றிருபத்தாறாவது, அடுத்த தாளின் முதல் வரி, உன் அப்பா. உன் முதல் கேள்விக்குப் பதில் இதுதான். அவர் நாடகத்துக்காகப் போட்டார்.

ஏழாம் நாள் காலையில் அவர் தொட்டியில் இறந்துபோனார்.

ஜெஸ்டன் என் வீட்டுக்கு வந்தான். "டீச்சர், இன்னிக்கு ஒரு நாள் நிறுத்திடலாமா? நம்ம ஆளு டீச்சர்." நான் சொன்னேன், "நிறுத்தினா மறுபடி ஆரம்பிக்க வுடமாட்டாங்கப்பா." அன்று சாயங்காலம் செல்வி அந்தக் கேள்வியைக் கேட்டபோது மண்டி முழுக்க அழுதது. அதுவரைக்கும் விழாத கைதட்டல். அதில் ஒரு பங்கு முனீருக்கு என்று நான் நினைத்துக்கொண்டேன். இப்போது எழுதும்போது கூசுகிறது. அப்போது கூசவில்லை.

ஒன்பதாம் நாள், இருநூற்றுப் பதினேழு கையெழுத்தோடு டேனரி மேனேஜர் கோதண்டபாணியிடம் போனேன். அவர் மகள் உன்னோடு என் வகுப்பில்தான் படித்தாள், உனக்கு ஞாபகம் இருக்கலாம். முதல் தாளைப் படித்துத் தனியாக வைத்தார். மற்றதைப் புரட்டினார்.

"டோக்கன் நம்பரோட வாங்கியிருக்கீங்க."

"அப்பத்தானே சார் நம்புவீங்க."

"தேதி போடலையே."

"மறந்துட்டேன் சார்."

தாள்களைச் சேர்த்துத் தட்டி அடுக்கினார். பிறகு, "உக்காருங்க டீச்சர்" என்றார். "மோட்டார் அடைச்சிடுச்சு. நான்தான் அவனை எறங்கச் சொன்னேன். வேணாம் சார், வாடை ஜாஸ்தியா இருக்குன்னான். ரெண்டு நிமிஷம்டா, எறங்குடான்னேன். நாளான்னிக்கு விசாரணைக்கு வர்றாங்க. எனக்கும் பொண்ணு இருக்கு டீச்சர்."

அழுதார். நான் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்த மொதல் தாளை மட்டும் நீங்க எடுத்துட்டுப் போங்க. மத்தது இங்க இருக்கட்டும். மண்டி உங்களுக்குப் பதினெட்டு நாள். மொதலாளி கிட்ட நான் பேசிக்கிறேன்" என்றார்.

நான் கேட்டது பதினைந்து. மூன்று நாள் ஜாஸ்தி. எனக்கு முதலில் தோன்றியது அதுதான், புஷ்ரா.

"அவரு சம்சாரம் வந்து கேட்டா?" என்றேன்.

"புருஷன் போனதுக்கு இத்தாவுல இருக்குது. நாலு மாசம் பத்து நாள் வெளிய வராது. அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடும். அதுவே இங்க கையெழுத்துப் போட்டிருக்கே, பாருங்க, உருதுல. பொண்டாட்டியே சொல்லிடுச்சுன்னா அப்புறம் யாரு கேப்பா?" அந்தத் தாளின் கடைசி வரியில் விரலை வைத்துக் காட்டினார். அடுத்த தாளைத் திருப்பவில்லை. "எறநூறுக்கு மேல இருக்கு. அதுக்குக் கொறைஞ்சா எடுபடாது" என்றார்.

அடுத்த தாளின் முதல் வரியில் யார் இருக்கிறார் என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்லியிருந்தால் அந்தத் தாளை உருவியிருப்பார். மீதி நூற்றுத் தொண்ணூற்றிரண்டு. எடுபடாது. நான் சொல்லவில்லை.

இந்தப் பத்து வருஷமும் இதற்கு வேறொரு காரணம் வைத்திருந்தேன். என்றைக்காவது யாராவது கண்டுபிடிக்கட்டும் என்றுதான் அந்தத் தாளை வேண்டுமென்றே விட்டுவைத்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சர்ச்சில் முழங்காலில் நின்றும் அதையேதான் சொன்னேன். உன் கடிதம் வந்ததும்கூட, பார், அவள் கண்டுபிடித்துவிட்டாள், நான் வைத்த இடத்தில் இருந்தது என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். பொய். எனக்குக் கையெழுத்தின் எண்ணிக்கை குறையக்கூடாது, அவ்வளவுதான்.

உன் இரண்டாவது கேள்வி. அந்த எழுத்து யாருடையது என்று உனக்குத் தெரியும். அந்த எழுத்தைப் பார்த்துத்தான் நீ எழுதப் பழகினாய். தெரிந்துகொண்டே மரியாதைக்குக் கேட்டிருக்கிறாய்.

பின்னால் இருந்த தாள்களில் தலைப்பும் எண்ணும் நான் போட்டது. "ஒரே கையா இருந்தாத்தான் ஒரே மனுவாத் தெரியும், நீங்களே எழுதிடுங்க" என்றார் கோதண்டபாணி. அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். 'கீழே கையொப்பமிட்டுள்ள நாங்கள் நேரில் கண்டது யாதெனில்' என்று தொடங்கி, 'முனீர் அகமது என்பவர் யாரும் சொல்லாமல் தானாகவே கழிவுத் தொட்டியில் இறங்கினார்' என்றார். போதும், புள்ளி வைங்க என்றார்.

எனக்குப் புள்ளி வைக்க வரவில்லை. முப்பது வருஷம் கட்டுரை திருத்தின கை. "சார், காரணம் இல்லாம ஒருத்தர் தானா எதுக்கு எறங்குவாருன்னு படிக்கிறவங்க கேப்பாங்களே" என்றேன். அவர் என்னைப் பார்த்தார். "நீங்களே ஏதாச்சும் போடுங்க டீச்சர்" என்றார். 'குடிபோதையில்' என்ற வார்த்தையை நான் போட்டேன். அவர் சொல்லவில்லை. உன் அப்பா ஒரு நாளும் குடித்ததில்லை என்று எனக்குத் தெரியும். எனக்கு மட்டுமா, ஊருக்கே தெரியும். அந்த இடத்தில் வாக்கியம் குறையாக நின்றது, பொருந்துகிற வார்த்தையை வைத்தேன். வைத்த பிறகு நன்றாகத்தான் இருந்தது.

நாடகம் இன்னும் பதினெட்டு நாள் நடந்தது. கடைசி நாள் ஜெஸ்டன் என்னை மேடைக்குக் கூப்பிட்டு, இந்த டீச்சர் இல்லையென்றால் இத்தனை நாள் இல்லை என்று சொல்லிச் சால்வை போட்டான். எல்லாரும் எழுந்து நின்று தட்டினார்கள். மேடையில் என்னால் ராஜா வேஷக்காரனைப் பார்க்க முடிந்தது. செல்வியாக நடித்த பெண்ணைத்தான் பார்க்க முடியவில்லை.

குடிகாரன் மகள் என்று சொல்லி உனக்கு வந்த சம்பந்தம் திரும்பிப்போனதாக எழுதியிருக்கிறாய். அம்மா அதற்குப் பிறகு யாரோடும் சரியாகப் பேசுவதில்லை என்றும் எழுதியிருக்கிறாய். அந்தப் பெயரை அவருக்குக் கொடுத்தது டேனரி இல்லை, மேனேஜர் இல்லை. நான். இதை எங்கே காட்ட வேண்டுமோ அங்கே காட்டு. கூப்பிட்ட இடத்துக்கு வந்து இதையே சொல்கிறேன். இந்தத் தடவை தேதி போட மறக்கமாட்டேன். கீழே என் பெயர் மட்டும்தான் இருக்கும்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. அது எந்தக் கோப்பிலும் இல்லை.

நீட்டித்ததில் நாலாம் நாள், சாயங்காலம் நான் உன் வீட்டுக்கு வந்தேன். உன் அம்மா உள்ளறையில் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். வெள்ளைத் துப்பட்டா. நீ பக்கத்தில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாய்.

"டீச்சர், அவரு குடிச்சிருந்தாருன்னு யாரோ எழுதிக் குடுத்துட்டாங்களாம். யாரு டீச்சர் அப்டியெல்லாம் எழுதுவாங்க?"

"தெரியலையேம்மா."

"அல்லா பாத்துக்குவான்." துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டாள். பிறகு, அவளுக்கே வெட்கமாக இருந்ததுபோல, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்: "நாடகம் நடக்குதா டீச்சர்? நாம போட்ட கையெழுத்துக்கு ஏதாச்சும் பலன் இருந்துச்சா?"

"இருந்துச்சும்மா" என்றேன். "பதினெட்டு நாள் குடுத்திருக்காங்க."

"அவரும் போட்டாரு" என்று சொல்லி அழுதாள்.

உனக்கு 'ழ' சுழிக்க வரவில்லை, அழித்து அழித்து எழுதிக்கொண்டிருந்தாய். உன் கையைப் பிடித்து ஒரு வரி எழுதிக் காட்டிவிட்டு, நாடகத்துக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தேன்.