ஹெதர் நிற்கும் இடம்

ஹெதருக்கு உரம் போடாதீர்கள், சார்ஜென்ட். வீட்டுச் செடி கருகுகிறது என்றீர்களே, பாசத்தைக் கொட்டி வளர்த்திருப்பீர்கள். அது மேட்டுக்காட்டுக் குட்டைப் புதர், அதற்குச் சத்தில்லாத புளிப்பு மண்ணும் நல்ல காற்றும் போதும். பூ ஓய்ந்ததும் நுனியை மட்டும் கத்தரியுங்கள். அடிக்கட்டையில் கை வைத்தால் திரும்பத் துளிர்க்காது.

நீங்கள் ஸ்காட்லாந்தின் நகரத்துப் பக்கமிருந்து மாற்றலாகி வந்தவர். இந்தச் சதுப்புத் தீவில் பிள்ளைகள் நடை பழகும்போதே ஒன்று சொல்லித் தருவோம். பச்சைப் பாசியில் மிதிக்காதே, ஹெதர் நிற்கும் இடத்தில் காலை வை. வேரில் தண்ணீர் தேங்கினால் ஹெதருக்கு ஆகாது. அது நின்றால் அடியில் நிலம் இருக்கிறது என்று அர்த்தம்.

என் மகள் கிர்ஸ்டி நாலு வயதில் காய்ச்சலில் போனாள். அந்த வருடம் மேட்டில் ஒரு வெள்ளை ஹெதரைக் கண்டேன். மற்றதெல்லாம் பழுப்பான பிறகும் அது பூத்துக்கொண்டிருந்தது. கொப்பு ஒடித்துவந்து பக்கத்துத் தோட்டத்து மர்டோவிடம் கொடுத்தேன். புதுச் செடிகளுக்குச் செடி வளர்ப்போர் சங்கத்தில் பெயர் பதிவது அவன்தான். கிர்ஸ்டி என்று பதியச் சொன்னேன், வேறொன்றும் கேட்கவில்லை. அவன் தன் மகள் மார்சலியின் பெயரைப் பதிந்துவிட்டு வந்தான்.

"கோவிச்சுக்காத பெக்கி. கல்யாணப் பொண்ணுங்க கையில வெச்சுக்கிற பூ இது. செத்த குழந்தை பேரை வெச்சா எவ வாங்குவா? என் பொண்ணுன்னா, கூப்பிட்டா திரும்பிப் பார்ப்பா."

சரி என்றேன். டீ போட்டுக் கொடுத்தேன்.

மார்சலிக்கும் கிர்ஸ்டிக்கும் ஒரே வயது. இவள் வளர வளர, அவள் இப்போது எவ்வளவு உயரம் இருப்பாள் என்பது எனக்குத் தெரிந்துகொண்டே வந்தது. பொறாமைதான், உங்களிடம் மறைக்கவில்லை.

ஏரிக்கு அந்தப் பக்கம், அடுப்பெரிக்கக் கரிமண் வெட்டிக் கைவிட்ட குழி ஒன்று உண்டு. தண்ணீர் நிறைந்து, மேலே பாசி மூடியிருக்கும். அதன்மேல் கம்பி வலை விரித்து, ஆட்டு ரோமமும் கரிமண்ணும் பரப்பி ஹெதர் நட்டேன். முதல் குளிர்காலத்தில் வேர் அழுகிவிட்டது. பிறகு வலைக்கு அடியில் காலி டப்பாக்களைக் கட்டி உயர்த்தினேன். மூன்றாம் குளிர்காலத்தில் செடி பிடித்துக்கொண்டது. நடுவில் தங்க நிற இலையுள்ள ஒன்றை வைத்தேன், அது என் தோட்டத்தில் தானாக முளைத்தது. ஒரு வாளி மண்ணை மேலே வைத்துப் பார்த்தேன். வலை ஒரு பக்கம் சாய்ந்தது, வாளி வழுக்கி உள்ளே போனது, வலை நிமிர்ந்து மறுபடி மூடிக்கொண்டது.

அது மர்டோவுக்காக வைத்தது. அவனுக்கு முட்டி வலி என்பது ஊருக்கே தெரியும், எனக்கும் தெரியும். அதனால் மார்சலியிடம் சொன்னேன்.

"தங்க நிறத்துல ஒண்ணு பார்த்தேன்டி. உங்கப்பா கண்ணுல பட்டா ராத்திரி தூங்க மாட்டார்."

"அவர் வாசப்படியே இறங்கறதில்ல அத்தை. நானே ரெண்டு கொப்பு ஒடிச்சிட்டு வந்து அவரை அசத்திடறேன். எப்படிப் போகணும்?"

"ஏரியைச் சுத்திப் போ. ஹெதர் மேலயே காலை வெச்சுப் போ, பாசியில மட்டும் மிதிச்சுடாத."

அக்கறையாகத்தான் சொன்னேன். செடிக்கு ஏதும் ஆகிவிடக் கூடாதே என்று நானும் பின்னால் போனேன். வலை சாய்ந்தபோது அவள் என்னைப் பார்த்துவிட்டாள். அத்தை, அத்தை என்று கூப்பிட்டாள். நான் முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றேன். சத்தம் ஓய்ந்ததும் வீட்டுக்கு வந்து ரொட்டிக்கு மாவு பிசைந்தேன்.

அவளைத் தூக்கியபோது கூடவே மேலே வந்த கம்பி வலையைக் கட்டியது யார் என்று கேட்டீர்கள். நான்தான்.

நேற்று மர்டோ வந்திருந்தான். அவனுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது.

"பெக்கி, அந்தச் செடிக்கு உன் பொண்ணு பேரையே வெச்சுக்கோ. இவ பேரை யாராவது சொன்னா என்னால தாங்க முடியல."

என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். எனக்கும் அழுகை வந்தது. இத்தனை வருடம் கழித்தாவது மனிதன் நியாயத்துக்கு வந்தானே. இதை அன்றைக்கே சொல்லியிருந்தால் மகளை இழந்திருக்க மாட்டான். மர்டோவுக்குப் பிடிவாதம் அதிகம், சார்ஜென்ட்.