பென்சிலால் நிரப்பிய படிவம்

மாப்பிள்ளை: ...அப்பாடா, இந்த வீட்டு இன்சூரன்ஸ் ஃபாரத்துல மூணாவது பக்கம் வந்தாச்சு. வயரிங் போட்டு எத்தனை வருஷம் ஆச்சாம்?

தங்கச்சி: முப்பது இருக்கும்ங்க. நாம வாங்குறப்பவே பழசு.

மாப்பிள்ளை: அஞ்சுன்னு போட்டுடறேன்.

அண்ணன்: என்னது! மாப்பிள்ளை, விளையாடாதீங்க.

மாப்பிள்ளை: யாரு மச்சான் வந்து சுவத்தப் பேத்துப் பாக்கப் போறா?

அண்ணன்: பாப்பாங்க. ஏதாவது ஒண்ணு ஆயிடுச்சுன்னா பேத்துப் பாப்பாங்க.

தங்கச்சி: வாயக் கழுவுண்ணே! நீங்க எழுதுங்க. அஞ்சு.

அண்ணன்: நீயுமா? இஸ்திரிப் பெட்டியும் தண்ணி மோட்டாரும் சேந்து ஓடினா ஃபியூஸ் போகுது. நான் வந்து நாப்பது நாள்ல பன்னெண்டு தடவ மாட்டியிருக்கேன். இதுவா அஞ்சு வருஷ வயரிங்?

மாப்பிள்ளை: அதான் வீட்டோட ஒரு எலெக்ட்ரீஷியன் இருக்கீங்களே, அப்புறம் என்ன கவலை!

தங்கச்சி: அவர் வீட்டுல பெயிண்ட் காயற வரைக்கும்தாங்க இருப்பாரு.

மாப்பிள்ளை: நாப்பது நாளாவா காயுது? அது என்ன பெயிண்ட் மச்சான்?

அண்ணன்: அது... ரெண்டு கோட்டு. மழை வேற.

தங்கச்சி: மழையா? வெயில் மண்டையப் பொளக்குது.

அண்ணன்: அங்க பெய்யுதும்மா! பேச்ச மாத்தாதீங்க. அந்த அஞ்ச மொதல்ல அழிங்க.

மாப்பிள்ளை: அழிச்சாப் போச்சு, பென்சில்தானே.

அண்ணன்: இதையெல்லாம் யாராவது பென்சில்ல எழுதுவாங்களா?

மாப்பிள்ளை: என் கையெழுத்து கோழி கிண்டின மாதிரி இருக்கும். பழகிக்கறேன்... அடுத்தது. வீட்டுல தொழில் ஏதாவது நடக்குதா? இல்லை.

அண்ணன்: பின்னறையில நாலு தையல் மிஷின் கடகடன்னு ஓடுதே!

தங்கச்சி: அது ஒரு தொழிலாண்ணே? சும்மா... ஸ்கூல் யூனிஃபார்ம்.

அண்ணன்: எத்தனை?

தங்கச்சி: முந்நூறு.

அண்ணன்: முந்நூறு பிள்ளைங்களாடி உனக்கு?

மாப்பிள்ளை: மச்சான், ஊரே இப்படித்தான் எழுதுது. உள்ளதச் சொன்னா கட்டுற காசும் ஏறும், வயர மாத்திட்டு வான்னும் சொல்வான்.

அண்ணன்: மாத்துங்க! நானே மாத்தித் தர்றேன், கூலியே வேணாம். பொய் மட்டும் எழுதாதீங்க. கால்ல வேணும்னாலும் விழறேன்.

தங்கச்சி: ஏண்ணே இப்படிப் படபடக்கிற? டம்ளர ஏன் உருட்டிக்கிட்டே இருக்க?

அண்ணன்: டீ சூடும்மா... அதான்.

தங்கச்சி: டம்ளர் காலியாத்தான் இருக்கு.

அண்ணன்: இப்பத்தான் குடிச்சு முடிச்சேன்.

மாப்பிள்ளை: சரி, வயரிங் அஞ்சு வருஷம். அவ்வளவுதான், கீழ ஒரு கையெழுத்தப் போட்டு...

அண்ணன்: போடாதீங்க! நானும்... நானும் அப்படித்தான் போட்டேன்.

தங்கச்சி: என்ன போட்ட?

அண்ணன்: என் வீட்டு ஃபாரத்துல. வயரிங் மூணு வருஷம்னு. தெருவுல அத்தனை வீட்டுக்கும் புது வயர் இழுத்தவன் நான். என் வீட்டுக்கு மட்டும் அடுத்த மாசம், அடுத்த மாசம்னு தள்ளிட்டே போனேன். எலெக்ட்ரீஷியன் எழுதினா எவன் சந்தேகப்படுவான்னு ஒரு திமிரு.

மாப்பிள்ளை: அப்புறம்?

அண்ணன்: பெயிண்டும் இல்ல, மழையும் இல்ல மாப்பிள்ளை. ஹாலும் சமையலறையும் எரிஞ்சு போச்சு. நல்லவேளை, நாங்க வெளிய போயிருந்தோம். கம்பெனியிலேருந்து ஒருத்தர் வந்தாரு. கருகின வயர்ல ஒரு துண்ட வெட்டி என் கையிலயே கொடுத்தாரு. "நீங்களே சொல்லுங்க, இதுக்கு என்ன வயசு?"ன்னாரு.

தங்கச்சி: நீ என்ன சொன்ன?

அண்ணன்: இருபத்தெட்டுன்னேன். வயரக் கையில வச்சுக்கிட்டு பொய் சொல்ல வாய் வரலம்மா. ஒத்தப் பைசா கிடையாதுன்னு லெட்டர் வந்துடுச்சு. எலெக்ட்ரீஷியன் வீடு வயராலயே எரிஞ்சுதுன்னா, இனிமே எவன் என்னைய வேலைக்குக் கூப்பிடுவான்? அதான் உங்க அண்ணிய அவங்க அம்மா வீட்டுல விட்டுட்டு இங்க ஓடி வந்தேன். உன்கிட்டச் சொல்லக்கூட வெக்கமா இருந்துச்சு.

மாப்பிள்ளை: மச்சான்... இந்தாங்க ரப்பர். நீங்களே அழிங்க.

அண்ணன்: குடுங்க... ஆமா, இது என்ன, ஓரமெல்லாம் கறுப்பா இருக்கு? இது ஜெராக்ஸ் ஆச்சே! ஒரிஜினல் எங்க?

தங்கச்சி: அது போன வாரமே கொடுத்தாச்சுண்ணே. முப்பது வருஷ வயரிங், நாலு மிஷின், எல்லாத்தையும் உள்ளது உள்ளபடி பேனாவுல எழுதி. தீப்பிடிச்ச அன்னைக்கே அண்ணி போன் பண்ணி அழுதுட்டாங்க. நீயா வாயத் திறப்பேன்னு நாப்பது நாள் பொறுத்துப் பாத்தோம். முடியல... அதான் இவர் பென்சில எடுத்தாரு. ஞாயித்துக்கிழமை மூணு பேருமாக் கிளம்பி உன் வீட்டுக்குப் போறோம். நீ வயர் இழு, நான் பெயிண்ட் அடிக்கிறேன்... நீ சொன்ன பொய்யில ஒண்ணாவது நிஜமாகட்டும்.