மரக்காலில் போட்ட முடிச்சு

நானும் சிரிக்கிறவன்தான் ஐயா. ஞாயிற்றுக்கிழமை டிவியில் காமெடி போட்டால் சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்துவிடுவேன். எனக்குத் தமாஷே ஆகாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

என் மகள் ஏலவார்குழலிக்கு ஒன்பது வயது. இதயத்தில் ஓட்டை. தறி நெய்கிற என்னால் ஆபரேஷனுக்குப் பணம் கட்ட முடியாது என்பது பெரிய காஞ்சிபுரத்துக்கே தெரியும். ஆட்டோ ஓட்டும் தனசேகரன் தானாக வந்தான். கோமாளித்தனம் பண்ணிப் பணம் திரட்டித் தருகிறேன் என்றான். திரட்டவும் செய்தான். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் நாற்பது இட்லி தின்றான். தலையில் கேசரியைக் கொட்டிக்கொண்டான். கழுத்தில் என் மகளின் போட்டோவை அட்டையில் ஒட்டித் தொங்கவிட்டிருந்தான். கேசரி அவள் முகத்திலும் வழிந்தது.

குழந்தை சாகக் கிடக்கிறது என்றால் இந்த ஊர் உச்சுக் கொட்டிவிட்டுப் போகும். தடியன் ஒருவன் புடவை கட்டி ஆடினால் பர்ஸைத் திறக்கும். இவர்களை மனிதர்கள் என்று சொல்ல எனக்கு நாக்குக் கூசுகிறது. டீக்கடைக்குப் போனால், இன்றைக்கு உங்கள் ஆள் என்ன பண்ணப் போகிறார் என்று கேட்டு இளிப்பார்கள்.

அதையும் பொறுத்துக்கொண்டேன். ஆனால் குழலி அந்த வீடியோக்களைப் போனில் பார்த்து, மூச்சு வாங்க வாங்கச் சிரித்தாள். என்னிடம் அவள் ஒரு நாளும் அப்படிச் சிரித்ததில்லை.

கடைசியாக, ஆளுயர மரக்கால் கட்டி ராஜ வீதியைச் சுற்றப்போவதாக அறிவித்தான். கயிறு கட்ட என்னைத்தான் கூப்பிட்டான்.

"நீயே கட்டுண்ணா. தறிக்காரன் முடிச்சு அவுராது. நான் தைரியமா ஆடிக்கினே போவேன்."

உண்மைதான். தறியில் ஏற்றும் பாவில் ஆயிரக்கணக்கான இழைகளை முடிந்தவன் நான். எந்த முடிச்சு இழுக்க இழுக்க இறுகும், எது இருபது எட்டு நடந்ததும் நழுவும் என்று என் விரலுக்குத் தெரியும். வலது காலுக்கு இறுகுவதைப் போட்டேன். இடது காலுக்கு மற்றது.

அவன் விழுந்ததும் ஜனங்கள் கைதட்டினார்கள். அதுவும் வேடிக்கை என்று நினைத்துக்கொண்டார்கள். ரத்தத்தைப் பார்த்த பிறகும் பாதிப் பேர் போனை இறக்கவில்லை.

காரியமெல்லாம் முடிந்து, அவன் மனைவி லில்லி சேர்ந்த பணத்தை மஞ்சள் பையில் கொண்டுவந்தாள்.

"அவரு ஆசப்பட்டதுண்ணா. புள்ளைக்கு ஆபரேஷன் பண்ணிடுங்க."

பணிவாகத்தான் மறுத்தேன். அவளுக்கும் இரண்டு குழந்தைகள் இருப்பதை எடுத்துச் சொல்லி அனுப்பினேன். என் மனைவி என் காலைப் பிடித்து அழுதாள். அவளுக்கு மானம் என்றால் என்ன தெரியும்?

ஆடி மாதம் குழலி போய்விட்டாள்.

தனசேகரனைக் கொன்றது நான்தான். மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் மகளையும் நானே கொன்றதாக என் மனைவி சொல்லிக்கொண்டு திரிகிறாள், அதை மட்டும் என்னால் ஏற்க முடியாது. ஊர் சிரித்துப் போட்ட காசில் என் மகள் ஒரு மூச்சுகூட விடவில்லை. ஒரு தகப்பன் வேறென்ன செய்ய முடியும், சொல்லுங்கள்.