வெர்லின் ஒட்ட மறக்காத பதினொரு சீட்டுகள்

மேடையில் இருக்கும் பாதிரியார் அவர்களே, ராக்கெட் சங்கத் தலைவர் மிர்னா அம்மையார் அவர்களே, கணவரை இழந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் லொரீன் அவர்களே, இடமில்லாமல் சுவரோரம் காப்பிக் கோப்பையோடு நிற்கும் நண்பர்களே, எல்லோருக்கும் என் வணக்கம்.

நான் டெல்மர் குன்ஸ். நீங்கள் ராக்கெட் விடும் மேட்டுக்கு வடக்கே, கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் மாடு மேய்க்கிறவன். நம் கான்சாஸ் காற்று தெற்கிலிருந்து அடித்தால் நீங்கள் பொழுதுபோக்காகச் செய்துவிடும் அட்டை ராக்கெட்டெல்லாம் பாராசூட்டில் மிதந்து என் மாடுகளுக்கு நடுவில்தான் இறங்கும்.

வெர்லின் ஷ்ரோட் போய்விட்டார். அழ வந்தவர்கள் அழுங்கள், நானும் அழுதுவிட்டுத்தான் வந்தேன். ஆனால் எனக்கு இன்று வேறொரு வேலை இருக்கிறது. இருபத்திரண்டு வருடமாக அந்த மனிதர் தலையில் இருக்கும் ஒரு கெட்ட பெயரை நான் இறக்கியாக வேண்டும். அதை அங்கே ஏற்றியவன் நான்.

அவர் வேலையை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். பெட்டியில் வரும் சாமானை அப்படியே ஒட்டுகிறவரா அவர்? ஒரு பெட்டியிலிருந்து அட்டைக் குழாயை எடுப்பார், இன்னொரு பெட்டியிலிருந்து வால் இறக்கையை எடுப்பார், மூன்றாவதிலிருந்து மூக்கு. ஒட்டி முடித்ததும் என் முற்றத்துக்கு வந்து, ராக்கெட்டின் நடுவில் கயிறு கட்டித் தலைக்கு மேல் சுழற்றுவார்.

"என்ன வெர்லின், கன்னுக்குட்டிக்குச் சுருக்குப் போடுறியா?" என்பேன்.

"வாயை மூடிட்டுப் பாரு. மூக்கு முன்னால போகுதா, வால் முன்னால போகுதா?"

"வால்தான் போகுது. உன்னை மாதிரியே."

உட்கார்ந்துவிடுவார். மூக்குக்குள் ஒரு சிட்டிகை களிமண் வைப்பார். மறுபடி சுழற்றுவார். இன்னொரு சிட்டிகை. மூக்கு நேராக முன்னே போகும்வரை வீட்டுக்குப் போக மாட்டார். தடுமாறும் ராக்கெட் ஒன்று கூட்டத்துக்குள் பாய்ந்துவிடக் கூடாது என்ற பயம். அப்படிப்பட்டவர்தானே பாதுகாப்பு அலுவலராக இருக்க வேண்டும்? இருந்தார். இரண்டு வருடம் இருந்தார். பிறகு ஏன் இல்லை?

உங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியும். ஏவுவதற்கு முன்னால் ஒவ்வொரு ராக்கெட்டின் மூக்குக்குள்ளும், சொந்தக்காரர் பெயரும் தெருவும் எழுதிய சீட்டைப் பாதுகாப்பு அலுவலர் தன் கையால் ஒட்ட வேண்டும். கண்டெடுத்தவர் கொண்டுவந்து கொடுப்பதற்காக. இருபத்திரண்டு வருடத்துக்கு முன், அந்தக் கோடையில் நான் பதினொன்று கண்டெடுத்தேன். ஒன்றைக்கூடக் கொண்டுவந்து கொடுக்கவில்லை. கொட்டகை உத்தரத்தில் வரிசையாகக் கட்டித் தொங்கவிட்டேன். யாராவது தேடி வருவார்கள் என்று காத்திருந்தேன்.

ஏன் கொடுக்கவில்லை? எனக்குப் படிக்கத் தெரியாது.

ஆமாம். இந்த எழுபத்தொன்பது வயதுவரை தெரியாது. எழுத்து எனக்குக் கம்பியில் உட்கார்ந்த குருவிக் கூட்டம். என் மனைவி இருந்தவரை அவள் படித்துச் சொல்வாள். அந்த வசந்தத்தில்தான் அவளைப் புதைத்தோம்.

செப்டம்பரில் ஒருநாள் வெர்லின் முதலில் வந்தார். உத்தரத்தைப் பார்த்தார். "ஏய் டெல்மர், உள்ள சீட்டு இருக்கே, பார்க்கலையா?" என்றார். "பார்த்தேனே" என்று சொல்லி ஒரு மூக்கைக் கழற்றிப் படிப்பதுபோல் பிடித்தேன். அவர் என் கையைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். பிறகுதான் தெரிந்தது, நான் பிடித்திருந்தது தலைகீழாக.

சாலையில் மூன்று வண்டிகளின் புழுதி தெரிந்தது. சங்கத்துக்காரர்கள் கோபமாக வந்துகொண்டிருந்தார்கள். வெர்லின் பேனாக்கத்தியை எடுத்தார். பதினொரு மூக்கையும் கழற்றினார், பதினொரு சீட்டையும் சுரண்டினார், சட்டைப் பையில் திணித்தார். வண்டி நிற்கவும் கத்தியை மடக்கவும் சரியாக இருந்தது.

"பெயர் ஒட்டின பொருளை வச்சிக்கிட்டா அதுக்கு என்ன பேரு தெரியுமா, டெல்மர்?" என்று ஒருவர் என் சட்டையைப் பிடித்தார்.

"அவனை விடு. நான் சீட்டு ஒட்ட மறந்துட்டேன். பதினொண்ணுலயும். தப்பு என்னோடது," என்றார் வெர்லின்.

நான் வாயைத் திறக்கவில்லை. அந்த வாரமே அவர் பதவி போயிற்று. பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் என்ன சொன்னீர்கள்? "வெர்லின், இன்னிக்குப் பேன்ட் போட மறக்கலையே?" வேலிக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்கும். அவரும் குனிந்து பார்த்துக்கொண்டு, "இருக்கு, இருக்கு" என்பார். நீங்கள் சிரிப்பீர்கள்.

அடுத்த வருடம் ஆளுக்கொரு படம் இறக்கையில் வரையச் சொன்னாரே, நினைவிருக்கிறதா? மிர்னாவுக்கு மீன், டுவேனுக்குப் பூட்ஸ், லொரீனுக்குத் தேநீர்க் கெண்டி. அழகுக்கு என்று நினைத்தீர்கள். எனக்காக வரைய வைத்தார். அன்றிலிருந்து ஒரு ராக்கெட்டையாவது நான் வீடு மாற்றிக் கொடுத்திருப்பேனா? "டெல்மருக்குக் கழுகுக் கண்" என்று புகழ்ந்தீர்கள். வாங்கிக்கொண்டேன்.

போன மாதம் ஆஸ்பத்திரியில் அவரிடம், "இனிமே சொல்லிடுறேன் வெர்லின்" என்றேன்.

"வேணாம்பா. உன்னைக் கேலி பண்ணுவாங்க. என்னைப் பண்ணி அவங்களுக்குப் பழகிப்போச்சு."

லொரீன், உங்களிடமும் அவர் சொல்லவில்லை என்று இப்போது உங்கள் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். என்னை மன்னியுங்கள்.

நண்பர்களே, என் நிலம் உங்களுக்குத் திறந்தே இருக்கும். என் கால் நடக்கும்வரை விழுந்ததை எடுத்து வருவேன். அவர் மேசையில் பாதியில் நிற்கும் ராக்கெட்டை நீங்கள் ஒட்டி முடியுங்கள். கயிறு கட்டிச் சுழற்றாமல் மட்டும் ஏவாதீர்கள்.

இன்னும் ஒன்று. வாசலில் ஆளுக்கொரு அஞ்சலித் தாள் கொடுத்தீர்கள். பக்கத்தில் இருந்தவரைப் படிக்கச் சொன்னேன். வெர்லின் பெயருக்குக் கீழே 'உறுப்பினர்' என்று போட்டிருக்கிறதாம். பேனா வைத்திருப்பவர்கள் எடுங்கள். அதை அடித்துவிட்டு, 'பாதுகாப்பு அலுவலர்' என்று எழுதுங்கள். நான் இங்கேயே நிற்கிறேன். சரியாக எழுதினீர்களா என்று என்னால் பார்க்க முடியாது. எழுதி லொரீனிடம் காட்டுங்கள்.