சம்பந்தி படகின் கண்ட்ரோல் பெட்டி

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜைக்கு ஆறு நாற்காலிகள். இப்போது மேஜையைச் சுற்றி ஐந்துதான் இருக்கின்றன. ஆறாவது வீட்டின் பின்புறம் இருக்கிறது. அதன் வலது கையில் ஓர் இரும்புப் பெட்டியைத் திருகி வைத்திருக்கிறேன். நான் எழுதும் இதை என் மகள் இரண்டு குடும்பத்தையும் உட்காரவைத்துச் சத்தமாக வாசிக்கப்போவதாகச் சொல்லியிருப்பதால், வாக்கியங்களைச் சின்னதாகவே வைக்கிறேன்.

பெட்டி ஒரு செங்கல் அளவு இருக்கும். அதில் இரண்டு கைப்பிடிகள், ஒன்று கியருக்கு, ஒன்று வேகத்துக்கு. படகின் முன்சீட்டில் உட்கார்ந்தபடியே பின்னால் தொங்கும் மோட்டாரை இயக்குவதற்கான கண்ட்ரோல் அது. என் மோட்டாருக்கு வயது அறுபத்தேழு. அதற்குப் பொருந்தும் பெட்டி இரண்டே வருடம்தான் செய்யப்பட்டது. மூன்றாம் வருடத்துப் பெட்டியும் பார்க்க அச்சு அசல் அதேதான். உள்ளே மட்டும் கேபிள் எதிர்த்திசையில் நகரும். அதை மாட்டிவிட்டு முன்னே தள்ளினால் படகு பின்னே போகும். வேகத்தைக் குறைத்தால் கூடும்.

ஆறு வருடம் தேடினேன். மூன்றாம் வருடத்துப் பெட்டிகள் நாலு கிடைத்தன. அவை என் மனைவியின் துணி அலமாரியில் இருக்கின்றன.

“முதல்ல ஒரு படகு வாங்குங்களேன்” என்பாள் அவள். எனக்குப் படகு தேவைப்படவில்லை. தண்ணீர் என்றாலே கொஞ்சம் பயம். மோட்டாரை ஒரு நீல டிரம்மில் மாட்டி, தண்ணீர் நிரப்பி, எதிரே நாற்காலியில் உட்கார்ந்து ஓட்டுவேன். ஒரு மனிதனுக்கு இதற்குமேல் என்ன வேண்டும்.

முப்பத்தொரு வருடம் கடைத் தராசுகளைச் சோதிக்கும் வேலையில் இருந்தவன் நான். கால் கிராம் பிசகினாலும் முத்திரை போட மாட்டேன். கடைக்காரர்கள் எனக்கு வைத்த பெயரே ‘கால் கிராம்’தான். இதை என் நேர்மைக்குச் சான்றாகச் சொல்கிறேன்.

என் மகளின் மாமனார் பல் டாக்டர். ஏரிக்கரையில் வீடு. அவருடைய அப்பா விட்டுப்போன படகில் என்னுடையதைப் போலவே ஒரு மோட்டார், அதற்கேற்ற அசல் பெட்டியோடு. அதன் கைப்பிடியில் அவர் ஈரத் துண்டைக் காயப்போடுவார். கண்ணால் பார்த்தேன். வயிறு பற்றி எரிந்தது. இருந்தாலும் முறைப்படிக் கேட்டேன்.

“நீங்க பொண்ணையே குடுத்தவரு, உங்களுக்கு இல்லாததா சம்பந்தி? ஆனா இது எங்கப்பா கை பட்டது. வேற ஏதாவது கேளுங்க” என்றார்.

வேறு எதுவும் எனக்குத் தேவைப்படவில்லை.

கல்யாணமாகி இரண்டாவது மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சம்பந்தி தன்னோடு படித்த டாக்டர்களுக்கெல்லாம் விருந்து வைத்தார். எல்லோரும் சாப்பாட்டில் இருந்தார்கள். நான் வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டுப் படகுத்துறைக்கு நடந்தேன். பையில் அலமாரிப் பெட்டிகளிலேயே நல்லதாக ஒன்று. மட்டமானதை அவருக்கு மாட்ட மனம் வரவில்லை. மாற்றி முடிக்க இருபத்திரண்டு நிமிடம். ஆடிக்கொண்டிருந்த சீட் போல்ட்டையும் முறுக்கிவிட்டேன். அதை யாரும் சொல்லப்போவதில்லை, அதனால் நானே சொல்கிறேன்.

அவரிடம் விஷயத்தைச் சொல்லிவிடுவதாகத்தான் இருந்தேன். அதற்குள் அவர் படகில் ஏறிவிட்டார். பக்கத்தில் என் மகள். மாப்பிள்ளை கேமராவோடு கரையில். படகுக்குப் பின்னால் இருந்த மரமேடையில் பதினோரு பல் டாக்டர்கள் வரிசையாகச் சிரித்துக்கொண்டு நின்றார்கள். போட்டோ எடுக்கும்போது குறுக்கே பேசுவது எனக்குப் பிடிக்காது.

“என்ன சம்பந்தி, கைப்பிடி இன்னிக்கு வழுவழுன்னு இருக்கு?” என்றார்.

“நான்தான் எண்ணெய் போட்டேன். தைரியமா முன்னால தள்ளுங்க” என்றேன்.

தள்ளினார். படகு பின்னால் கிளம்பியது. பதறிப்போய் வேகத்தைக் குறைத்தார். கூடியது. இன்னும் குறைத்தார். மேடையில் மோதி மோட்டார் நின்றது. மேடை மெதுவாகச் சரிந்தது. பதினோரு பேரும் வரிசை கலையாமல் ஏரிக்குள் இறங்கினார்கள். இடுப்பளவுத் தண்ணீர்தான், யாருக்கும் அடியில்லை. ஒருவருடைய பல்செட்டு மட்டும் இன்றுவரை கிடைக்கவில்லை. அவரும் பல் டாக்டர் என்பதால் அதைப் பெரிதுபடுத்த வேண்டாம் என்று முடிவானது. அவ்வளவு மோதலிலும் நான் மாட்டிய பெட்டி இம்மியும் அசையவில்லை.

சம்பந்திதான் உடைந்துபோனார். “எனக்கு மூளை கலங்கிடுச்சு சம்பந்தி. முன்னால எது, பின்னால எதுன்னே தெரியல” என்று என் தோளில் சாய்ந்து அழுதார். நரம்பு டாக்டரிடம் போய்த் தலையைப் படம் எடுத்துக்கொண்டார். துணைக்குப் போனது நான்தான். காத்திருக்கும் அறையில் அவர் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். இப்போதெல்லாம் பல் பிடுங்குவதற்கு முன்னால், மேல்வரிசை எது, கீழ்வரிசை எது என்று நர்ஸிடம் இரண்டு தடவை கேட்டுக்கொள்கிறாராம்.

என் மகள் ஒருநாள் சொல்லாமல் வந்தாள். நான் பின்புறம் நாற்காலியில் இருந்தேன். டிரம்மில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. முன்னே தள்ளினால் முன் கியர், பின்னே இழுத்தால் பின் கியர். ஆறு வருடத்தில் நான் அப்படிச் சிரித்ததில்லை என்று என் மனைவி சொன்னாள். மகள் கைப்பிடியையே பார்த்தாள். அதில் மாப்பிள்ளை சின்ன வயதில் ஒட்டிய மீன் ஸ்டிக்கர் இருந்தது. பழைய பொருளின் அசல் தன்மையைக் கெடுக்கக் கூடாதென்று நான் அதை உரிக்கவில்லை.

“அப்பா, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். இந்தப் பெட்டிக்காகத்தான் என்னை அந்த வீட்டுல குடுத்தீங்களா?”

மோட்டார் சத்தத்தில் கேட்காத மாதிரி இருந்தேன். அவளே அதை அணைத்தாள்.

“எழுதிக் குடுங்க. சாக்குப்போக்கு இல்லாம. அதப் படிச்சிட்டுத்தான் இந்த வீட்டுப் பக்கம் வர்றதா வேணாமான்னு முடிவு பண்ணுவேன்.”

அவள் என்னோடு பேசி இருபது நாளாகிறது. தினமும் ஆறு மணிக்கு போன் செய்து சாப்பிட்டீர்களா என்று கேட்பாள். இப்போது இல்லை. எனக்கு அது தாங்கவில்லை. ஒருவேளை கூப்பிட்டால் காதில் விழாமல் போய்விடுமோ என்று மோட்டாரையே நான் ஓட்டுவதில்லை.

ஆகவே ஒப்புக்கொள்கிறேன். பெட்டியை எடுத்தது நான். எதிர்த்திசைப் பெட்டி என்று தெரிந்தே அங்கே மாட்டினேன். மகள் படகில் ஏறியதைப் பார்த்தும் வாயைத் திறக்கவில்லை. சம்பந்தியின் மூளையில் எந்தக் கோளாறும் இல்லை.

ஆனால் கல்யாண விஷயத்தில் அவள் சந்தேகப்படுவது அநியாயம். மாப்பிள்ளையின் முகத்தைக்கூடப் பார்க்காமல் சம்மதம் சொன்னேன் என்கிறாள். அது உண்மைதான், அவர் அன்று ஊரில் இல்லை. அதற்காக நான் அவசரப்பட்டேன் என்று யாரும் சொல்ல முடியாது. அதற்கு முன்னால் வந்த இரண்டு வரன்களின் வீட்டுக்கும் நானே நேரில் போய், முன்பக்கம் பின்பக்கம் எல்லாம் பொறுமையாகச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் வேண்டாம் என்றேன். இரண்டு வீட்டிலும் படகே இல்லை.