பங்காளிகளிடம் முதலில் சொன்ன பண்பாளர்

சேதுச் சீமையின் செல்வமே, ஆறாத புண்ணையும் அருவருக்காது மடியில் ஏந்திய அருளாளரே, மருந்தோடு மனிதரையும் மதித்த மருத்துவ மாமணியே, எங்கள் ஆய்வு மையத்திலிருந்து இன்று பணி ஓய்வு பெறும் தலைமை மருத்துவர் உமையாள் அம்மையாரே!

நோயாளியிடம் இரத்தமும் கையொப்பமும் வாங்கிக்கொண்டு போவதே ஆராய்ச்சி என்றிருந்த காலத்தில், எதை ஆராய்வது என்பதையே அவர்களோடு அமர்ந்துதான் முடிவு செய்ய வேண்டும் என்று நின்றவர் தாங்கள். அதற்காக வாலிநோக்கம் உப்பளத் தொழிலாளர்களுக்கு அடித்த அழைப்பிதழில், 'பங்குதாரர்கள்' என்றிருக்க வேண்டிய இடத்தில் 'பங்காளிகள்' என்று அச்சிட்டுத் தொலைத்தோம். சர்க்கரைப் புண்ணோடு காலைச் சாய்த்துச் சாய்த்து வந்த முருகலட்சுமி அதைப் படித்துவிட்டுத் தங்களைப் பார்த்தார்.

"பங்காளின்னா நல்லது கெட்டதை எங்களுக்குத்தான் மொதல்ல சொல்லணும். சம்மதமா டாக்டரம்மா?"

நாங்கள் சிரித்தோம். தாங்களோ, "சம்மதம்க்கா" என்றீர்கள்.

கால் ஆறினால் மறுபடி உப்புப் பாத்தியில் இறங்கலாம் என்ற ஒரே ஆசையில், ஆய்வுக் களிம்பை நம்பிப் பூசிவந்தார் முருகலட்சுமி. கடைசியில் அந்தக் களிம்பு பயனற்றது என்று முடிவு வந்தது. மாநாட்டில் அறிவித்த பிறகு சொல்லலாம், இப்போது சொன்னால் ஒருவரும் திரும்பி வரமாட்டார்கள் என்று மேலிடம் தடுத்தது. தாங்கள் அன்றே வாலிநோக்கம் போய்ச் சொன்னீர்கள். முருகலட்சுமி கட்டுப்போட்ட காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பூசியதெல்லாம் வீணா என்று கோபப்பட்டார். பிறகு ஆறி அமர்ந்து பேசினார்.

"சாவுன்னா பங்காளிக்குத்தான் மொதல்ல கேதஞ் சொல்வாக. நீங்களும் சொல்லிட்டீக. அடுத்து என்னன்னு உக்காந்து பேசுவோம்."

ஒருவர்கூட விலகவில்லை. அடுத்த ஆய்வுக்கான கேள்விகளை இன்று அவர்களே எழுதுகிறார்கள்.

ஊருக்காக ஓடிய தங்கள் கால்கள் இனியேனும் ஓய்வு காணவும், உடல் நலமும் உள்ளக் களிப்பும் குன்றாமல் தாங்கள் நூறாண்டு வாழவும் வாழ்த்துகிறோம்.

இம்மடலை அச்சுக்குக் கொடுக்குமுன் முருகலட்சுமிக்குப் படித்துக் காட்டினோம்.

"எல்லாம் நல்லாத்தான் எழுதிருக்கீக. அன்னைக்கு எங்க முன்னாடி அந்தம்மா அழுதாகளே, அதை ஏன் விட்டீக?" என்றார்.

மேடையில் படிக்கும் மடலாயிற்றே என்று தயங்கினோம்.

"மருந்துக்குப் புண்ணு கேக்கலைன்னு எங்களுக்காக அழுத டாக்டரை நான் வேற பாத்ததில்ல. போடுங்க."

போட்டுவிட்டோம், அம்மா. அன்று தாங்கள் அழுதீர்கள்.

இங்ஙனம்,
ஆய்வு மைய ஊழியர்களும்
வாலிநோக்கம் பங்காளிகளும்
இராமநாதபுரம்